ஒரு சொட்டு ரத்தமும் இரண்டு போன் நம்பரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் ராபர்ட் கத்ரியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பச்சைக் குழந்தையின் குதிகாலில் குத்தி, வடிதாளில் ரத்தச் சொட்டு எடுக்கும் வழியைக் கொண்டுவந்தவர். என் வேலையின் கடைசி 14 வருடம் அந்தக் குத்துதான். அவருடைய மகனுக்கே மூளை வளர்ச்சிக் குறைபாடு. மனைவியின் சகோதரி மகளுக்குப் பிகேயு, அதாவது புரதத்தில் உள்ள ஒரு பொருள் உடலில் சிதையாமல் சேர்ந்து மூளையைக் கெடுக்கும் பிறவி நோய். புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்த மனிதர் இந்தப் பக்கம் திரும்பியதற்கு வேறு காரணம் வேண்டுமா? 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 29 மாநிலங்களில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து, பிகேயு உள்ள 39 பேரைக் கண்டுபிடித்ததையும் கட்டுரை சொல்லியிருந்தது. சரி.

விட்டுப்போனது ஒன்று. பிகேயு நம் ஊரில் அபூர்வம். அந்தத் தாள் நமக்கு அதிகம் உதவுவது பிறவித் தைராய்டு குறைபாட்டுக்குத்தான்; அதாவது, பிறக்கும்போதே கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்காத குறை. 1970-களில் கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ என்ற மருத்துவர், பிகேயு சோதனைக்காக எடுத்த ரத்தப் பொட்டிலேயே தைராய்டு ஹார்மோனையும் அளந்து காட்டினார். இந்தியாவில் ஆயிரத்துச் சொச்சம் பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்தக் குறையோடு பிறக்கிறது.

என் அக்கா மகன் அப்படி ஒருவன். 1981-இல் பிறந்தான். அழ மாட்டான். பாலுக்குக்கூட எழுப்ப வேண்டும். "என்ன சமத்து!" என்று தெருவே மெச்சியது. கண்ணில் மஞ்சள் வாரக்கணக்கில் போகவில்லை, தொப்புள் பிதுங்கியிருந்தது, நாக்கு வெளியே தெரிந்தது, மலம் நாலு நாளுக்கு ஒரு முறை. எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு கைமருந்து இருந்தது. ஒரு வயதில் காட்டிய மருத்துவர், "சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வரும்" என்று அனுப்பிவிட்டார். இரண்டரை வயதில் வேறொரு மருத்துவர் நாக்கைப் பார்த்த மாத்திரத்தில் ரத்தம் எடுக்கச் சொன்னார். மாத்திரை போட்டதும் உயரம் கூடியது, நடந்தான். ஆனால் அந்த இரண்டரை வருட மூளை வளர்ச்சி திரும்பி வரவில்லை. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. இன்று அக்காவின் பூக்கடையில் உட்கார்ந்து, அவளைவிட நெருக்கமாகச் சரம் கட்டுகிறான்.

இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள். மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்தால் போதும். ஒரு நாள் மாத்திரைக்கு ஒரு டீயின் விலைகூட ஆகாது.

ரத்தம் எடுப்பதும் பெரிய வித்தை இல்லை. பிறந்து 48 மணி நேரம் ஆன பிறகு எடுப்பது நல்லது; முதல் நாளில் எல்லாக் குழந்தைக்கும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) ஏறித்தான் இருக்கும். குதிகாலின் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டு வட்டத்தை நிரப்ப விட வேண்டும். அப்புறம் வெயில் படாமல் மூன்று நாலு மணி நேரம் உலர்த்த வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு உறையில் போட்டு வீணாக்கிய தாள்கள் என் கணக்கிலும் உண்டு.

உண்மையான சிக்கல் ரிசல்ட் வந்த பிறகுதான். ஒரு முறை டிஎஸ்எச் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தாளில் எழுதியிருந்த நம்பர் அணைந்து கிடந்தது. முகவரி மாமியார் வீடு, கதவில் பூட்டு. தாயும் பிள்ளையும் அம்மா வீட்டில். அது எந்த ஊர்? பிரசவ வார்டு ஆயாவுக்குத்தான், "அந்தப் பொண்ணு வலங்கைமான் பக்கம்" என்று நினைவிருந்தது. கிராம சுகாதார செவிலியரைக் கொண்டு தேடிப் பிடித்தபோது குழந்தைக்கு 19-ஆவது நாள். பாட்டி சொன்ன முதல் வார்த்தை: "எங்க பிள்ளைக்கு என்னம்மா குறை? அழவே அழாது, அவ்வளவு சமத்து."

மறுநாளே மாத்திரை தொடங்கினார்கள்.

ஆகவே மருத்துவமனைகளுக்கு என் வேண்டுகோள்: அந்தத் தாளில் குழந்தையின் தாய் வீட்டு ஊருக்கும் இரண்டாவது போன் நம்பருக்கும் தனிக் கட்டம் போடுங்கள். பெற்றவர்களும், "குதிகால் ரத்தம் எடுத்தீர்களா, ரிசல்ட் எப்போது வரும்?" என்று கேட்காமல் டிஸ்சார்ஜ் ஆக வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
கும்பகோணம்