பட்டா நிலத்து மண்கரைகளையும் மழைக்கு முன் பார்வையிடுங்கள்

மதிப்பிற்குரிய தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். கல்லணைக் கால்வாயை இன்றும் புது ஆறு என்றே சொல்லும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில், முறைத்தண்ணீர் கடைமடைக்கு எட்டாத நாள்களை மனத்தில் வைத்து, உழவர்களில் சிலர் எங்கள் பட்டா நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கி வைத்திருக்கிறோம். கதிர் வரும் பருவத்தில் அந்தத் தேக்கத்திலிருந்து ஒரு தண்ணீர் கொடுத்தாலே சம்பா பிழைத்துக்கொள்ளும். ஆகையால் இவற்றைத் தடுக்கும்படி நான் கேட்கவில்லை. தகுந்த பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் சில வரையறைகளுக்கு உட்பட்டவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். ஆள் உயரத்தைச் சற்றே தாண்டும் எங்கள் கரைகள் அதற்குள் வரமாட்டா. ஆனால் கரை உடைந்தால் தண்ணீர் பட்டா எல்லையோடு நிற்பதில்லை. கீழே இருப்பது இன்னொருவருடைய நடவு வயல். சில இடங்களில் குடியிருப்பும் இருக்கிறது.

மண்கரையைத் தண்ணீர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் அழிக்கிறது. ஒன்று, மேலே வழிந்து வெளிச்சரிவை அரிப்பது. மிகுநீர் வழிந்தோடும் கலிங்கு கட்டச் செலவாகும் என்று ஒரு குழாயோடு விட்டுவிட்ட கரைகளில், ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் கொட்டும் மழையை அந்தக் குழாய் வெளியேற்றாது. டிராக்டர் ஏறி இறங்கித் தாழ்ந்த இடத்தில்தான் தண்ணீர் முதலில் வழியும். மற்றொன்று உள்ளரிப்பு. குழாயைச் சுற்றிச் சரியாகக் கெட்டிக்கப்படாத மண், நண்டு வளை, எலி வளை, வெட்டிய மரத்தின் மக்கிய வேர், கோடையில் விழுந்த வெடிப்பு ஆகியவற்றின் வழியே கசிவு தொடங்குகிறது. கசிவு தெளிவாக இருக்கும்வரை கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரையின் மண்ணே வெளியேறுகிறது என்று பொருள். காய்ந்து வெடித்த கரை முதல் மழையில் வேகமாக நிரம்பும் நாள்களே மிகவும் ஆபத்தானவை என்பதால், பார்வையிடுவதைப் புரட்டாசிக்குள் முடிப்பதே பயன் தரும்.

கிராம நிர்வாக அலுவலர் வழியாக இத்தகைய கரைகளை ஒரு பதிவேட்டில் சேர்க்க ஆணையிடுங்கள். கலிங்குக்கு எவ்வளவு அகலம் வேண்டும், நிறைமட்டத்துக்கு மேல் கரை எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும் என்பதைப் பொறியாளர் இடத்தைப் பார்த்தே எழுதித் தர வேண்டும். கலிங்கு கட்டும் செலவில் சிறு, குறு உழவருக்கு மானியமும் வேண்டும். பதிவு செய்தால் கரையை இடிக்கச் சொல்வார்கள் என்ற அச்சம் எங்களிடையே இருக்கிறது. அதுவே பலரைப் பேசவிடாமல் வைத்திருக்கிறது. பதிவு செய்தவரின் கரை திருத்தப்படுமே தவிர அகற்றப்படாது என்று தாங்கள் எழுத்தில் அறிவித்தால், எங்கள் ஊரில் முதலில் பதிவு செய்பவன் நானாக இருப்பேன்.

இப்படிக்கு,
புது ஆற்றுக் கடைமடை உழவன் ஒருவன்