உன் அம்மாவின் அவரை

முள்ளியவளை, முல்லைத்தீவு,
ஐப்பசிக் கடைசி, மழை விட்ட ஒரு பின்னேரம்.

அன்பான சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிவிட்டது. உடனே பதில் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் மழை தொடங்கிவிட்டால் இங்கே மம்பெட்டியைக் கீழே வைக்க நேரமிருக்காது, உனக்குத் தெரியாததா? இன்றைக்கு விடிய முன்னமே பிடித்த மழை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. கூரைத் தாழ்வாரம் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. முற்றத்தில் தண்ணீர் நிற்பதால் இன்று ஒரு வேலையும் ஓடாது. சரி, எழுதுவோம் என்று இருந்துவிட்டேன்.

கனடாவில் உங்கள் தோட்டக் கழகத்து வேலைகளை நீ எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். முதல் உறைபனி விழுந்ததும் தேலியாக் கிழங்குகளைக் கிண்டிப் பெட்டியில் அடுக்கினது, மேப்பிள் சருகைக் கூட்டிக் கடதாசிப் பைகளில் கட்டினது, நிலம் இறுகுவதற்கு முன் துலிப் கிழங்கும் உள்ளியும் நட்டது எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. துலிப் கிழங்கு மூன்று நாலு மாதம் குளிரில் கிடந்தால்தான் பூக்கும் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது எனக்கு உடனே எங்கள் கார்த்திகைப்பூதான் நினைவில் வந்தது. வெயில் காலம் முழுக்க ஆள் அடையாளம் தெரியாமல் மண்ணுக்குள் படுத்திருந்துவிட்டு, மழை இறங்கியதும் வேலியில் கொடியை எறியும். உன் கிழங்குக்குக் குளிர், எங்கள் கிழங்குக்கு மழை. நீங்கள் தோட்டத்தைப் பூட்டுகிற மாதங்களில்தான் நாங்கள் திறக்கிறோம்.

எங்கள் வீட்டுத்தோட்ட வட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரிய சங்கமில்லை. இருபது பேரளவில் இருக்கிறோம், முக்கால்வாசிப் பேர் பெண்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு சனசமூக நிலையத்தில் கூடுவோம். தொடங்கியது 2022இல். அதற்கு முந்தின வருஷம் இரசாயனப் பசளைக்குத் தடை போட்டார்களே, பிறகு பொருள் விலையெல்லாம் ஏறி, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோமே, அந்தக் காலம். ஒரு கிலோ மரக்கறி வாங்க யோசித்த நாட்கள் அவை. வளவில் இடம் வைத்துக்கொண்டு கடையில் கீரை வாங்குவதா என்று நாலு பேர் சேர்ந்தோம். நெருக்கடி ஓரளவு குறைந்த பிறகும் வட்டம் கலையவில்லை. எனக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

புரட்டாசியிலேயே வேலை தொடங்கிவிடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாற்றுமேடை போட வேண்டும். மேடையை ஒரு சாண் உயர்த்தி, மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, மண் ஆறினபிறகுதான் விதை. அப்படி எரித்தால்தான் மண்ணிலுள்ள பூஞ்சணம் சாகும். இல்லாவிட்டால் முளைத்த நாற்று முழங்காலில் வெட்டினமாதிரி நிலமட்டத்தில் அழுகிச் சாய்ந்துவிடும். இந்த முறை ஒரு மேடைக்கு எரிக்கப் பஞ்சிப்பட்டு விட்டுவிட்டோம், அந்த மேடை மட்டும் பாதிக்கு மேல் போய்விட்டது. நட்டது 'திருநெல்வேலி ஊதா' கத்தரி. நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிதான். மிஞ்சின நாற்றுக்குக் கிடுகால் கூரை போட்டுக் காப்பாற்றியிருக்கிறோம்.

அப்புறம் நத்தை. முதல் மழையோடு ஆபிரிக்க நத்தை கிளம்பிவிட்டது. கைப்பிடியளவு ஓடு, ஒரே இரவில் ஒரு பாத்திப் பசளிக் கீரையை நரம்பு மட்டும் விட்டுத் தின்றுவிடும். பப்பாசி இலையை அங்கங்கே போட்டு வைத்தால் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். இரவு எட்டு மணிக்கு மேல் டோர்ச்சோடு போய், கையில் பொலித்தீன் மாட்டிக்கொண்டு பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுகிறோம். வெறுங்கையால் தொடக்கூடாது, அதில் நோய்ப்புழு இருக்கும். ஒழுங்கை முழுக்க டோர்ச் வெளிச்சம் அசைவதைப் பார்த்தால், சின்ன வயதில் நாங்கள் ஈசல் பிடிக்கப் போனது உனக்கும் ஞாபகம் வரும்.

இனி நான் உனக்குச் சொல்லவென்று பிடித்து வைத்திருந்த கதைக்கு வருகிறேன்.

விஜயதசமியன்று விதை மாற்றுகை வைத்தோம். ஏடு தொடக்குகிற நாள், விதைக்கும் நல்ல நாள். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. போன வருஷம் எங்களில் பலர் கடையில் பைக்கற் விதை வாங்கி நட்டோம். நல்லாய்த்தான் காய்த்தது. அந்தக் காயிலிருந்து விதை எடுத்து இந்த வருஷம் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் காயே இல்லை. கலப்பின விதை அப்படித்தான், அடுத்த தலைமுறை தாயைப்போல வராது என்று எங்கள் விவசாயப் போதனாசிரியர் விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு வருஷமும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேயிருக்க வேண்டும். அதைவிட, ஊரில் யார் யாரிடம் பழைய விதை மிச்சமிருக்கிறது என்று தேடுவோம் என்று முடிவெடுத்தோம்.

தேடினால் என்ன கிடைக்கும் என்று எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை. போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது இந்த வளவு இருந்த கோலம் உனக்கு எழுதியிருக்கிறேன். வட்டில்லாத தென்னைகள், கூரையில்லாத வீடு, கிணற்றுக்குள் என்னென்னவோ. விதைக் குடுவையை யார் காப்பாற்றியிருப்பார்கள்?

ஆனால் கொண்டுவந்தார்கள். ஒருவர் கெக்கரி, ஒருவர் நாட்டுப் பயற்றை, ஒருவர் சுரைக் குடுவையோடு சுரை விதை. நவராத்திரிக்குக் கும்பத்தடியில் நவதானியம் முளைக்கப் போடுவோமே, அதே மாதிரிப் பிள்ளைகளைக் கொண்டு ஈரத்துணியில் பத்துப் பத்து விதையாகச் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறதென்று எண்ண வைத்தோம். ஏழுக்குக் கீழே முளைத்த விதையை இரட்டிப்பாய்ப் போடச் சொன்னோம். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு. ஒரு பெடியன் தன் துணியை விரித்து விரித்துப் பார்த்தே விதையைக் காயவைத்துவிட்டான்.

கடைசியாகக் குமுளமுனையிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். கையில் பழைய ஹோர்லிக்ஸ் போத்தல், நிறையச் சாம்பல். கடதாசியில் கொட்டி ஊதினார். கறுப்பு அவரை விதை, ஒவ்வொன்றின் முதுகிலும் சுண்ணாம்பால் கோடு கீறினதுபோல் வெள்ளைத் தழும்பு. "இது எங்கட இல்லைப் பிள்ளை. காட்டா விநாயகர் கோயிலுக்குப் போற ஒழுங்கையில வாத்தியார் வீட்டம்மா தந்தது. நெல் அருவி வெட்ட வந்த நேரம் முந்தானையில முடிஞ்சு விட்டவ" என்றார்.

அந்த ஒழுங்கையில் வாத்தியார் வீடு என்று இருந்தது உங்கள் வீடு ஒன்றுதான்.

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாய்க் கேட்டேன். 1983க்கு முதல் என்று சொல்கிறார், வருஷம் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மாரிக்கும் போட்டு, தை மாசியில் முற்றவிட்டு, வேப்பிலையும் சாம்பலும் கலந்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். இடம்பெயர்ந்த நேரம் அவரிடம் இருந்த விதையெல்லாம் போய்விட்டது. ஆனால் வவுனியாவில் கட்டிக் கொடுத்த மகளுக்கு முன்னமே ஒரு பிடி கொடுத்திருந்தார். அந்த மகள் கிணற்றடி வேலியில் அதை விடாமல் வளர்த்திருக்கிறாள். 2010இல் ஊருக்குத் திரும்பியபிறகு மகளிடம் திருப்பி வாங்கி நட்டிருக்கிறார். உன் அம்மா கனடாவில் கண்மூடினார் என்று சொன்னேன். "ஐயோ, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று அழுதார். போகும்போது என் கையில் பன்னிரண்டு விதை எண்ணித் தந்தார்.

ஆறை நான் நட்டேன். ஐந்து முளைத்தது. மிச்சம் ஆறும் சாம்பலோடு என் அலுமாரியில் இருக்கிறது, அது உன்னுடையது. அங்கே சும்மா தபாலில் அனுப்பச் சட்டம் விடாது, எனக்குத் தெரியும். நீ வரும்வரை வருஷா வருஷம் புதுப்பித்து வைத்திருப்பேன்.

வேறு செய்திகளும் இருக்கின்றன. போன மாதம் குளக்கட்டு ஓரம் பனம் விதை போட்டோம். பனையைக் கன்றாக்கி நடுவது சரிவராது. விதையிலிருந்து முளை முதலில் நேரே கீழேதான் இறங்கும், பிடுங்கினால் அது அறுந்துவிடும். அதனால் விதையாகவே புதைத்தோம். அது காய்க்கப் பதினைந்து வருஷம் செல்லும், ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். எங்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டினவர்கள். ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, குழி வெட்டிக்கொண்டே போனோம். பிறகு பனங்காய்ப் பணியாரம் சுட்டுச் சாப்பிட்டோம்.

இப்போது கார்த்திகை மர நடுகைக்கு ஆயத்தம். வடமாகாண சபை இருந்த காலத்தில் நவம்பரை மரநடுகை மாதம் என்று அறிவித்தது உனக்கு ஞாபகமிருக்கும். சபையின் காலம் 2018இல் முடிந்தாலும் மாதம் நிலைத்துவிட்டது. நல்ல மாதம்தான், மண் நனைந்திருக்கும், கன்று வேர்பிடிக்கும். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எத்தனையோ பேர் வந்து நட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வைகாசியில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது அந்தக் கன்றுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்ற ஆளில்லை. மாரியில் நடுவது ஒரு நாள் வேலை, கச்சானில் காப்பாற்றுவது ஐந்து மாத வேலை. அதனால் வட்டத்தில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். வெயில் காலத்தில் எத்தனை கன்றுக்குத் தண்ணீர் சுமக்க முடியுமோ, அத்தனைதான் எடுக்கலாம். எனக்கு இரண்டு. ஒன்று மருது, அதைக் குளத்து அலைகரைப் பக்கம் வைப்பேன். மற்றது இலுப்பை. இலுப்பை விதையைப் பத்திரப்படுத்த முடியாது, பழம் விழுந்த சில கிழமைக்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும். ஆடியில் ஒட்டுசுட்டானில் பொறுக்கி வந்து போட்டது, இப்போது ஒரு முழம் நிற்கிறது.

கார்த்திகையில் நல்லூர் சங்கிலியன் பூங்காவில் 'கார்த்திகை வாசம்' மலர்க் கண்காட்சி வைப்பார்கள். எல்லோருமாய் ஒரு வான் பிடித்துப் போவதென்று கதை. போனால் எழுதுகிறேன். பூச்செடியைவிட அங்கே கிடைக்கும் பழமரக் கன்றுகளில்தான் எனக்குக் கண்.

வேலியில் கார்த்திகைப்பூ நேற்றுத்தான் முதல் பூ விட்டது. காலையில் இதழ் ஆறும் பச்சை கலந்த மஞ்சளாய் இருந்தது, இன்றைக்கு நுனிகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. இன்னும் இரண்டு நாளில் முழுதாய்ச் சிவந்துவிடும். இலை நுனி சுருண்டு பக்கத்துப் பூவரசங் கதியாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகள் வந்தால் பார்க்க மட்டும் விடுவேன், கிழங்கு கடும் நஞ்சு.

உன் கறிவேப்பிலைக் கன்று வீட்டுக்குள் எடுத்ததும் இலை கொட்டுகிறதென்று கவலைப்பட்டிருந்தாய். பயப்படாதே. குளிரில் அது உறங்கும். தெற்குப் பார்த்த ஜன்னலடியில் வை, மேல்மண் காய்ந்தபிறகு மட்டும் தண்ணீர் விடு, பங்குனி வரைக்கும் பசளை போடாதே. தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பார், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

கார்த்திகை விளக்கீட்டுக்கு வாழைக்குற்றி வெட்ட வேண்டும், இந்த முறை என் வளவிலேயே இருக்கிறது. உன் பேரில் ஒரு விளக்கு கூட வைக்கிறேன்.

கடைசியாய் ஒன்று கேட்க வேண்டும், மறக்காமல் எழுது. அவரைக் கொடி ஐந்தும் இடுப்பளவுக்கு வந்து பிடிக்க இடம் தேடுகின்றன. பகல் குறுகினால்தான் அது பூக்கும், ஆகவே மார்கழிக்கு முன்னர் எனக்கு முடிவு தெரிய வேண்டும். உன் அம்மா அதை வேலியில் படரவிட்டவரா, கிணற்றடியில் பந்தல் போட்டவரா? எனக்கு ஊதாப் பூ மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது, இடம் நிற்கவில்லை. நீ சொல்கிற மாதிரியே விடுகிறேன். அதுவரைக்கும் ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் சிநேகிதி