எங்கள் பயணிகளுக்கு: அந்தக் குரல் பதிவைப் பற்றி

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் நாம் போய்வந்த தமிழ்நாட்டுச் சாப்பாட்டுப் பயணம் குறித்து ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இங்கே மலேசியாவில் செந்தூல், கிள்ளான் வரைக்கும் போய்விட்டது. என் மாமியாருக்கே இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள். "காசை வாங்கிக்கொண்டு தகரக் கூரைக் கடைகளில் உட்கார வைத்தார்கள், எல்லாக் கடையிலும் கமிஷன்" என்கிறது அந்தப் பதிவு. பேசியவர் நம்மோடு வந்தவர்தான். அவர்மீது கோபம் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தகரக் கூரை உண்மைதான். கல்லில் எண்ணெயைத் தேக்கிப் பொரிக்கும் விருதுநகர்ப் பரோட்டாவுக்காக மதுரையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனோம். விளக்கு வைத்த பிறகுதான் அந்தக் கல் சூடேறும். கும்பகோணத்தில் இட்லிக்கு ஊற்றும் கடப்பா, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது, நாம் போகும் கடையில் ஞாயிறு காலையில் மட்டும்தான் கிடைக்கும். அதற்காகவே திருச்சி விமானத்தைச் சனிக்கிழமைக்குப் போட்டோம். குளிர்சாதன ஹோட்டலில் பசியாறுவதென்றால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலேயே முடித்துக்கொள்ளலாமே! பினாங்கில் சோற்றின் மேல் பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டாருக்கு வெயிலில் வரிசை பிடிக்கிறோம். அங்கே மேசை விரிப்பா கேட்கிறோம்?

கமிஷன் என்ற சொல்தான் தைத்துவிட்டது. 11 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பயணிகளைத் துணிக்கடையிலும் நகைக்கடையிலும் இறக்கிவிட்டால் பணம் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் நம் பயணத்தில் துணிக்கடை ஒன்றுகூடக் கிடையாது. புடவை வாங்க நேரமே தரவில்லை என்று நீங்களே என்னிடம் சண்டை பிடித்திருக்கிறீர்கள். மதுரையில் கறிதோசை வார்ப்பவருக்கு நாம் வந்தாலும் வராவிட்டாலும் கூட்டம் நிற்கிறது. அவர் எதற்காக எனக்குக் காசு தர வேண்டும்? காரைக்குடியில் தம் வீட்டிலேயே சமைத்துப் போடும் ஆச்சிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே முழுப் பணமும் அனுப்பிவிடுகிறோம். 18 பேர் என்று சொல்லி 14 பேர் உட்கார்ந்தாலும் 18 இலைக்குத்தான் கணக்கு. ரசீதுகள் அத்தனையும் கோப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் அலுவலகத்துக்கு வந்து புரட்டிப் பார்க்கலாம், தேநீரும் தருகிறேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். திருநெல்வேலியில் மாலை அல்வாவுக்காக 72 வயது அம்மா ஒருவர் முக்கால் மணி நேரம் நின்றார். உட்கார நாற்காலி இல்லை. அது முழுக்க முழுக்க என் தவறு. அவரை வீட்டில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இனி வண்டியில் மடக்கு நாற்காலிகள் இருக்கும். மதுரையில் ஏழு ஆண்டுகள் நம்மோடு இருந்த வழிகாட்டி வளைகுடா வேலைக்குப் போய்விட்டார். எந்தக் கடையில் எந்த நேரத்தில் எது சூடாக வரும் என்று அறிந்தவர். அவர் இல்லாத குறையும் இந்த முறை தெரிந்திருக்கும்.

அடுத்த பயணம் தைப்பூசம் முடிந்த மறுவாரம். தென்பக்கம் பனங்கிழங்கு வரும் காலம், அவித்துச் சுடச்சுட உரித்துத் தின்னலாம். விமானக் கட்டணமும் வண்டி வாடகையும் ஏறியிருப்பதால் தலைக்கு 380 வெள்ளி (ரிங்கிட்) கூடுகிறது. ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்கும் இதே கட்டணம்தான்.

பதிவைக் கேட்டதும் தொலைபேசியில் அழைத்து "நாங்கள் உங்களை அறிவோம்" என்று சொன்னவர்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! இந்தப் பயணத்தில், பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்ததாகச் சொல்லும் கறுப்புக் கவுனி அரிசியைக் காரைக்குடி ஆச்சி பரிமாறியபோது, "இது நம் பூலுட் ஹித்தாம் அல்லவா!" என்று, மலாயில் கறுப்புப் பசையரிசிக்குச் சொல்லும் பெயரைச் சொல்லிப் பினாங்கு அக்கா ஒருவர் கூவினார். சமையற்கட்டிலிருந்து ஆச்சி ஓடிவந்தார். இருவரும் அரை மணி நேரம் அரிசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி காத்திருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
உங்கள் பயண முகவர்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்