சேரிட்ட சேரின்ர வருத்தத்த ஒளிக்காதேங்கோ

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்களுக்கு கணக்குப் படிப்பிச்ச சேருக்கு கணையத்தில கான்சர், ஈரலுக்கும் பரவிட்டுது, இனி ஒப்பரேசன் செய்து பிரயோசனமில்ல எண்டு மஹரகம கான்சர் ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டினம். வீட்டுக்காரர் இத அவருக்கு சொல்லவேயில்ல, அல்சர் எண்டு சொல்லி வச்சிருந்தவை, பாக்க வாறாக்களையும் கேற்றடியிலயே மறிச்சு "சேருக்கு தெரியாது, வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ" எண்டு சொல்லித்தான் உள்ளுக்கு விடுறது. மனுசன் கிளினிக் கொப்பிய எடுத்து வாசிச்சிட்டார். "என்ர வருத்தத்த என்னட்டயே மறைச்சா நான் ஆரோட கதைக்கிறது" எண்டு கேட்டவராம்.

பிறகு என்ன செய்தவர் தெரியுமா, காணி உறுதி, பாங்க் புத்தகம், ரீச்சருக்கு (அவரின்ர மனுசிதான்) பிறகு பென்சன் கிடைக்க வேண்டிய பேப்பர் எல்லாத்தையும் தேடி ஒழுங்காக்கிப்போட்டு, ஓஎல் சோதினை எடுக்கிற பிள்ளையள் நாலைஞ்சு பேர பின்னேரத்தில வரச்சொல்லி கட்டில்ல சாஞ்சுகொண்டே படிப்பிக்கத் துவங்கிட்டார். ஒரு பெடியன் கொப்பிய திறக்காம அழுதுகொண்டிருக்க "விடை எல்லாருக்கும் ஒண்டுதானேடா, புள்ளி செய்கைக்குத்தான், நீ செய்கைய எழுது" எண்டாராம்.

நோவுக்கு டொக்டர் மோர்பின் குடுத்ததையும் சொந்தக்காரர் சிலபேர் "அது போதைமருந்து, கடைசி நேரத்திலதான் குடுக்கிறவை" எண்டு நிப்பாட்டப் பாத்தவை. உலக சுகாதார நிறுவனம் 1986லயே கான்சர் நோவுக்கு இத முறையாக் குடுக்கலாம் எண்டு வழிகாட்டல் போட்டிட்டுது, நாங்கள் இன்னும் பயந்துகொண்டிருக்கிறம். டொக்டர் சொன்ன அளவில எடுக்கிறபடியாத்தான் சேர் இப்ப இரவில நித்திரை கொள்றார், பின்னேரம் இருந்து படிப்பிக்கிறார்.

எங்கட பழைய மாணவர் வட்ஸ்அப் குறூப்பில ராண்டி பௌஷ் எண்ட அமெரிக்கப் பேராசிரியரின்ர வீடியோ சுத்துது. அவருக்கும் கணையத்திலதான் கான்சர், 2007 செப்டெம்பர்ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில பேசினவர், 2008 யூலையில 47 வயசில செத்துப்போனார். நல்ல பேச்சு, நானும் பாத்தனான். அவர் துவக்கத்திலயே தன்ர ஈரல்ல இருக்கிற கட்டியளின்ர ஸ்கானத்தான் எல்லாருக்கும் காட்டினவர், அத பாத்து அழுற இமோஜி போடுற ஆக்கள் உப்புவெளியில சேர் வீட்ட போனா மட்டும் வெயில் கூடிப்போச்சு எண்டு கதைச்சுப்போட்டு, ஹோர்லிக்ஸ் போத்தில மேசையில வச்சு, கோணேசர் கோவில் விபூதியும் பூசிவிட்டிட்டு பத்து நிமிசத்தில எழும்பி வருகினம். என்ன சேர் செய்யுது, என்ன நினைக்கிறீங்கள், ஆர பாக்கோணும் போல இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல.

இதில சேர் செத்தா 31ம் நாள் குடுக்கிற கல்வெட்டுக்கு (நினைவுப் புத்தகத்துக்கு) ஆர் என்ன எழுதுறது எண்டு கனடாவில இருக்கிறவை இப்பவே கதை துவங்கிட்டினம். சரி, எழுதுங்கோ, ஆனா எழுதினத இப்பவே அனுப்பினா நாங்கள் கொண்டுபோய் சேருக்கு வாசிச்சுக் காட்டுவம், பிழை இருந்தா அவரே திருத்தித் தருவார். நேர போற ஆக்கள் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போங்கோ, அதுக்கு முந்தி போனா நித்திரையா இருப்பார்.

பழைய மாணவன்,
திருகோணமலை.