ஒரு கிலோபைட்டுக்குள் பாட்டு

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்றுச் சின்னவள் ரொறன்ரோ வானொலியில் பாடியதை ஒருவாறு கேட்டுவிட்டோம். ஆனால் அதற்குள் நான் பட்ட பாடு உனக்குத் தெரியவேண்டும்.

நீ அனுப்பிய கோப்பு தொட்டவுடன் இறங்கிவிட்டது. பார்த்தால் ஒரு கிலோபைட். நொடிக்கு 128 கிலோபிட், அதாவது 16 கிலோபைட், என்று கணக்குப் பார்த்தாலும் ஒரு மணி நேர நிகழ்ச்சி 57 மெகாபைட்டைத் தாண்டும். ஒரு கிலோபைட்டுக்குள் சின்னவளின் தும்மல்கூட அடங்காது. பெயரின் வாலில் எம்பி3 என்று இல்லாமல் எம்3யூ என்று இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி அந்த வாலை எம்பி3 என்று மாற்றிப் பார்த்தான். போத்தலில் லேபிளை மாற்றினால் மண்ணெண்ணெய் நல்லெண்ணெய் ஆகிவிடுமா?

பிறகு நோட்பேடில் திறந்தேன். மூன்றே வரி. ஒன்றில் நிலையத்தின் பெயர், கடைசி வரியில் எச்டிடிபி என்று தொடங்கும் ஒரு முகவரி. நீ அனுப்பியது பாட்டு குடியிருக்கும் வீட்டின் விலாசம்! இதை முதலிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பாட்டும் படமும் ஓட்டும் விஎல்சி என்ற மென்பொருளை இறக்கினேன். காலி வீதியைத் தோண்டும்போது வைப்பார்களே, அந்தச் செம்மஞ்சள் கூம்புதான் அதன் சின்னம். அம்மா அதைப் பார்த்து, "கணினியிலும் திருத்த வேலையா?" என்றாள். அதில் 'ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்' என்ற இடத்தில் அந்த முகவரியை ஒட்டியதும் அறிவிப்பாளரின் குரல் வந்துவிட்டது.

அப்போதுதான் நீ அழைத்தாய். கைபேசியில் உங்கள் பக்கத்துக் கைதட்டல் கேட்கிறது. எங்கள் மடிக்கணினியில் சின்னவள் இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறாள். பழுது என்று நினைத்து நிறுத்தப் போனேன். நல்லவேளை, நிறுத்தவில்லை. இணைய ஒலி சில நொடிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்குமாம். இடையில் இணைப்புத் தளர்ந்தாலும் அறுந்துபோகாமல் இருக்க அந்தச் சேமிப்பு. 'நேரடி' என்கிறார்களே தவிர, அரை நிமிடம் பழையது. முள்ளைத் திருகிக் கேட்ட எங்கள் பழைய வானொலிப் பெட்டிக்கு இந்தத் தாமதம் கிடையாது.

இன்னொன்று. அப்பம்மாவின் குரல் என் பழைய கைபேசியில் இருந்ததே, திறக்கவில்லை என்று கைவிட்டிருந்தோமே, அதையும் நோட்பேடில் போட்டேன். எல்லாம் கிறுக்கல், ஆனால் தொடக்கத்தில் மட்டும் 'ஏஎம்ஆர்' என்று தெளிவாக இருந்தது. பேச்சுக்கென்றே உண்டான ஒலிக்கோப்பு வகை அது. விஎல்சியில் பாடியது. பானைக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தாலும், "சாப்பிட்டியா?" என்று கேட்பது அப்பம்மாதான். எம்பி3 ஆக மாற்றி உனக்கு அனுப்புகிறேன், மூலத்தை அழிக்கமாட்டேன்.

அடுத்த நிகழ்ச்சி நவம்பர் நடுவில் என்றாய். அதற்குள் உங்கள் மணிக்கூடு ஒரு மணி பின்னால் போய்விடும்; உங்கள் காலை பத்து எங்களுக்கு இரவு எட்டரை. அது அம்மாவின் தொடர் நாடக நேரம். அவளுடன் நீயே பேசிக்கொள்.

அன்புடன்
அப்பா