நமது இளைஞர் மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது மன்றம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்தக் கூட்டம் ஏப்ரலிலேயே நடந்திருக்க வேண்டியது. அப்போது கூப்பிட்டும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேரவில்லை, கலைந்து போனோம். இன்று இத்தனை பேர் வந்ததே பெரிய ஆறுதல். வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள், மே தினம், சுதந்திர தினம், குடியரசு தினம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு தேறிய நம் தெருப் பிள்ளைகளுக்குப் பாராட்டு நடந்தது. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டியும் உறியடியும் நடந்தன.

அக்டோபர் 15, 16 மழையில் புளியந்தோப்பில் தண்ணீர் நின்றதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மன்றத்துக்குள்ளும் வந்தது. கேரம் போர்டு பிளைவுட். ஒரு தடவை ஈரம் குடித்துவிட்டால் உப்பிப்போகும், அப்புறம் காயின் எந்தப் பக்கம் சுண்டினாலும் ஒரே மூலைக்கு ஓடும். முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலில் இரண்டு போர்டுகளை அப்படித்தான் இழந்தோம். இந்த முறை மழை எச்சரிக்கை வந்த அன்றே போர்டுகளை மேசைமேல் ஏற்றி, புத்தக பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிட்டோம். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போதும் அதே வேலை. ஒரு புத்தகம்கூட நனையவில்லை. அந்த இரவில் கூட நின்ற தம்பிகள் நாலைந்து பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முதலில் நன்றி.

இனி இந்த ஆண்டின் முக்கியமான காரியத்துக்கு வருகிறேன்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த ஆறாவது கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டை காசிமா மூன்று தங்கம் வென்றார். ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்றிலும் தங்கம். ஆட்டோ ஓட்டுநரின் மகள். நாம் இருக்கும் இடத்துக்கும் அவர் வளர்ந்த இடத்துக்கும் பெரிய தூரமில்லை. நம் சுவரில் மரியா இருதயம் படம் பல வருடமாக மாட்டியிருக்கிறது. 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன், கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர், அவரும் சென்னைக்காரர். அந்தப் படத்துக்குக் கீழே இத்தனை வருடம் விளையாடியவர்கள் எல்லாரும் ஆண் பிள்ளைகள்.

காசிமா செய்தி டிவியில் வந்த வாரமே நம் தெருப் பெண் பிள்ளைகள் ஆறேழு பேர் மன்றத்து வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை, படியில் நின்றபடியே, "அண்ணா, நாங்களும் ஆடலாமா?" என்று கேட்டார்கள். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் வந்து கேட்டதில்லை. கேட்கும்படி நாமும் வைத்திருக்கவில்லை.

செயற்குழுவில் வைத்தேன். காரசாரமாகத்தான் போனது. "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார்கள். "பசங்க வேற இடம் பாத்துப்பாங்க, மன்றமே காலியாயிடும்" என்றார்கள். மூத்தவர்களின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பதில் சொல்ல நான் இருக்கிறேன், நாம் எல்லாரும் இருக்கிறோம், அதற்குத்தானே நிர்வாகக் குழு. கடைசியில் ஞாயிறு காலை 7 முதல் 10 வரையும், புதன் மாலை 5 முதல் 7 வரையும் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. அந்த நேரத்தில் அம்மாக்களில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். டிசம்பர் முதல் ஞாயிறு முதல் இன்றுவரை அது நிற்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு தடவையாவது வந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று போன மாதம் ரெட், அதாவது சிவப்புக் காயினைப் போட்டது. அடுத்த சுண்டலில் தன் காயின் ஒன்றையும் போட்டால்தான் ரெட் கணக்கில் சேரும், அதுதான் ஃபாலோ. ஃபாலோ போடத் தவறியது. ரெட்டை எடுத்து மறுபடி நடுவில் வைத்ததும் முகம் சுருங்கிவிட்டது. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, அந்த ஃபாலோ காயினை அதே இடத்தில் வைத்து, பவுடர் தட்டி, ஸ்ட்ரைக்கரை நகர்த்தி நகர்த்திச் சுண்டிக்கொண்டே இருந்தது. நாலாவதோ ஐந்தாவதோ சுண்டலில் விழுந்தது. நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. காயினை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு இடம் கொடுக்கத்தான் மன்றம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் இந்த வேலை பாதியில் நிற்கிறது. மன்றத்தில் கழிவறை இல்லை. பையன்கள் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது. பெண் பிள்ளைகள் ஏன் ஒன்பது மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள் என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "காலைல தண்ணி குடிக்காமதான் தம்பி அனுப்பறேன்" என்றார். வெயில் காலத்தில், தகர ஷீட் போட்ட அறையில், தண்ணீர் குடிக்காமல் விளையாட வருகிறார்கள். இதைவிட நான் விளக்க வேண்டுமா?

அடுத்தது இரவுப் படிப்பகம். அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்களுக்காக இரவு 8 மணிக்குமேல் கேரமை நிறுத்திவிட்டு, அதே அறையைப் படிக்கக் கொடுக்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்திருந்தாலே எழுதலாம். 200 கேள்வியில் 100 தமிழில் இருந்து வருகிறது, அந்தத் தமிழில் நூற்றுக்கு நாற்பது எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து திரும்பப் படிக்கிறார்கள். 2024 ஜூன் 9 தேர்வுக்கு நம் அறையில் படித்தவர்களில் யாரும் கடைசிப் பட்டியலுக்குள் வரவில்லை. ஆனால் இரண்டு பேர் கட் ஆஃபுக்கு மிக அருகில் வந்தார்கள். பகலில் உணவு டெலிவரி ஓட்டி, இரவில் படித்தவர்கள் அவர்கள்.

எட்டு மணி விதியில் வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து வரவே எட்டாகிறது, நாங்கள் எப்போது விளையாடுவது என்று கேட்கிறார்கள். நியாயம்தான். அதற்காகத்தான் வெள்ளி, சனி இரவுகளை அவர்களுக்கே விட்டோம். ஒரே அறையில் ஸ்ட்ரைக்கர் சத்தமும் படிப்பும் சேர்ந்து நடக்காது.

கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் என்ற படிப்பிடம் திறந்தபோது, "ஏசி, கம்ப்யூட்டரோட அரசாங்கமே கட்டிட்டாங்க, இனி நம்ம ரூம் எதுக்கு?" என்று சிலர் கேட்டார்கள். அது நல்ல இடம், நம் பிள்ளைகளும் போகிறார்கள், போகவும் வேண்டும். ஆனால் இரவு பத்து மணிக்கு, பஸ் காசு இல்லாமல், வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருக்கும்போது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதற்கு ஒரு இடம் தெருவுக்குள்ளேயே வேண்டும்.

சரி, சந்தா.

மாதம் 50 ரூபாய். உறுப்பினர் பதிவேட்டில் நூற்றுக்கு மேல் பெயர் இருக்கிறது. தவறாமல் கட்டுபவர்கள் அதில் கால் பங்குகூட இல்லை. வேலை இல்லாதவர்களிடமும், வீட்டில் கஷ்டம் என்று சொன்னவர்களிடமும் நான் ஒரு நாளும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். நான் சொல்வது வேலையில் இருப்பவர்களை. இந்த மன்றத்தில் கேரம் ஆடி, இந்த மன்றத்துப் பேப்பர் படித்து, இந்த மன்றத்தின் கடிதத்தோடு வேலைக்குப் போன அண்ணன்மார்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் வருகிறது. மின்கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் மட்டும் குழு அமைதியாகிவிடுகிறது.

பெரும்பாக்கத்துக்கு வீடு மாற்றிப் போன தம்பி ஒருவர் மாதம் பிறந்தால் ஜிபேயில் 50 ரூபாய் அனுப்பிவிடுகிறார். ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி வந்து விளையாடிவிட்டும் போகிறார். மன்றத்துக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவரிடம் இரண்டு வருடப் பாக்கி நிற்கிறது. பெயர் சொல்லி யாரையும் கூச்சப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. பதிவேடு மேசையில் இருக்கிறது, அவரவர் பக்கத்தை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

நம் பெரியவர்கள் பின்னி மில்லில் ஷிப்டு முடிந்து வந்து தொடங்கிய மன்றம் இது. 1918இலேயே இந்தப் பெரம்பூர் வட்டாரத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டவர்களின் வழிவந்தவர்கள். சங்கம் என்றால் சந்தா என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1996இல் மில் மூடி, கையில் காசு இல்லாத வருடங்களிலும் மன்றத்துக் கதவைச் சாத்தவிடவில்லை என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. அவர்கள் நமக்கென்று விட்டுப்போனதில் மிச்சம் இந்த அறை.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாக, சந்தாவும் நன்கொடையுமாக வந்தது மின்கட்டணம், செய்தித்தாள், போர்டு பழுது, விழாச் செலவு ஆகியவற்றுக்குச் சரியாகப் போனது. கையிருப்பு சொற்பம். மழையில் ஸ்விட்ச் போர்டு மாற்றிய செலவில் கொஞ்சம் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ரசீதுகள் எல்லாம் கோப்பில் உள்ளன.

சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளர் அலுவலகத்துக்கு ஆண்டுக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் கொடுக்க வேண்டும். கையெழுத்து வாங்க ஒவ்வொரு செயற்குழு உறுப்பினர் வீட்டுக்கும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இந்த முறை கூட்டம் முடிந்ததும் இங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிவு ரத்தானால் எந்த உதவிக்கும் விண்ணப்பிக்க முடியாது. விளையாட்டு உபகரணங்களுக்கும் உதவி கேட்க வேண்டியிருக்கிறது.  கேட்பதற்குத் தாள்கள் சரியாக இருக்க வேண்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: எப்போதும் துணை நிற்கும் தலைவர் அவர்கள், பொருளாளர் அவர்கள், செயற்குழு உறுப்பினர்கள், புத்தகங்கள் கொடுத்த ஆசிரியர் ஐயா, கூலி வாங்காமல் ஒயரிங் செய்த எலக்ட்ரீசியன் தம்பி, ஞாயிறுதோறும் வந்து உட்காரும் அம்மாக்கள். மோட்டார் தண்ணீர் கொடுக்கும் எதிர்வீட்டு அக்காவுக்குச் சிறப்பு நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே பேசிவிடுகிறேன். 2025 ஜூலை 12 அன்று குரூப் 4 தேர்வு. அதுவரை படிப்பகம் தினமும் இரவு 11 வரை திறந்திருக்க வேண்டும். வெள்ளி, சனி ஆட்டத்தையும் அதுவரை பகலுக்கு மாற்றிக்கொள்ள அந்த நண்பர்கள் மனம் வைக்க வேண்டும். இப்போது திறப்பதும் பூட்டுவதும் நானும் துணைச் செயலாளரும்தான். அவருக்கு இரவு ஷிப்டு வந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் சாவியை வாங்கிக்கொள்ள ஐந்து பேர் வேண்டும். பெரிய வேலை ஒன்றும் இல்லை. எட்டு மணிக்குத் திறந்து, தரையில் கிடக்கும் கேரம் பவுடரைத் துடைத்துவிட்டு, பதினொன்றுக்குப் பூட்டிச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்தால் போதும். ஆள் கிடைக்காவிட்டால் வாரத்தில் மூன்று நாள்தான் திறக்க முடியும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கழிவறைக்குப் பின்பக்கச் சந்தில் இடம் பார்த்தாயிற்று. கொத்தனார் வேலை தெரிந்த நம் உறுப்பினர்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி இல்லாமல் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். செங்கல், சிமெண்ட், கதவு, பீங்கான், குழாய் இவற்றுக்குத்தான் பணம் வேண்டும். சந்தா பாக்கி முழுவதும் வந்தாலே யாரிடமும் நன்கொடை கேட்கப் போக வேண்டியதில்லை. பருவமழைக்கு முன்னால் முடிக்காவிட்டால் அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போகும்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். சாவிக்குப் பெயர் கொடுப்பவர்கள் என்னிடம் வாருங்கள்.

நன்றி, வணக்கம்.

இப்படிக்கு,
செயலாளர்
புளியந்தோப்பு, சென்னை
மே 2025