வைகாசியில் வாருங்கள், மாமா

மியூனிக், ஜெர்மனி,
மாசி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கே நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தென்னையில் வெள்ளை ஈ அடங்கியதா, கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்பதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கொள்கிறேன். போனில் கேட்ட கேள்விக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். வருகிற அழைப்பை எல்லாம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற வீட்டில் பீரைப் பற்றி எப்படி மாமா விவரமாகப் பேசுவது? அத்தை இதைப் படித்தாலும் பாதகமில்லை. படித்த பிறகு ஒருவேளை அவர்களும் கூட வரச் சம்மதிப்பார்கள்.

எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டீர்கள். அங்கே குடிக்கிற பீரில் அப்படி என்ன விசேஷம் என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான், ஏனென்றால் இந்த ஊரில் எந்தப் பீரைக் குடிப்பது என்பதை மாதமும் வேளையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நம் ஊரில் கடைக்குப் போகிறவர் கேட்கிற ஒரே கேள்வி கூலிங்காக இருக்கிறதா என்பதுதான். கிடா வெட்டானாலும், கோவில் நோம்பியானாலும், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரியானாலும் அதே 650 மில்லி பாட்டில், அதே ருசி. பெரியவர்கள் கண்ணில் படாமல் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று அவசரமாக முடித்துவிட்டு வருவதுதான் வழக்கம். இங்கே 16 வயது ஆனவர்களுக்குப் பீர் வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரன் என்று குடும்பமே ஒரு மேசையில் உட்கார்ந்திருக்க, பேரனுக்கு மட்டும் ஆப்பிள் ஜூஸ் வருவதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம்.

மாதத்துக்கும் பீருக்கும் முடிச்சு விழுந்த கதை பழையது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் வெயில் நாளில் காய்ச்சிய பீர் சீக்கிரம் கெட்டுப்போயிற்று. காய்ச்சுகிற அடுப்புகளால் தீ விபத்தும் நேர்ந்தது. அதனால் 1553-ல் இந்தப் பவேரியா நாட்டை ஆண்ட கோமகன், செப்டம்பர் 29-க்கும் ஏப்ரல் 23-க்கும் இடையில் மட்டுமே பீர் காய்ச்ச வேண்டும் என்று ஆணையிட்டார். கோடை முழுவதற்கும் வேண்டிய சரக்கை மார்ச்சிலேயே கொஞ்சம் வீரியம் கூட்டிக் காய்ச்சி, மண்ணுக்கடியில் தோண்டிய நிலவறைகளில் பனிக்கட்டி அடுக்கி வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த அறைகள் சூடேறாமல் இருக்க மேலே சரளைக் கல் பரப்பி, வேர் ஆழமாக இறங்காமல் இலை மட்டும் அடர்ந்து படரும் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். நிழல் வந்ததும் ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். கிணற்றடியிலேயே நீர் மொண்டு குடிப்பவர்களைப் போல, பீர் இருக்கும் இடத்துக்கு மேலேயே குடிக்கத் தொடங்கினார்கள். ஊருக்குள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்கள் வியாபாரம் போயிற்று என்று முறையிட, 1812-ல் மன்னர் முதலாம் மாக்ஸ் யோசப் ஒரு சமரசம் செய்தார்: பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் நிலவறை மேலேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு உணவு விற்கக் கூடாது. ஆகவே சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனார்கள். உணவு விற்கக் கூடாது என்ற தடை எப்போதோ போய்விட்டது. கட்டுச்சோறு கொண்டுபோகும் உரிமை மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. மேசை விரிப்பு போட்ட மேசைகளுக்குப் பரிமாற ஆள் வருவார்கள், அங்கே அவர்கள் சாப்பாட்டைத்தான் வாங்க வேண்டும். விரிப்பு இல்லாத மர மேசையில் நம் பாத்திரத்தை நாமே திறந்துகொள்ளலாம், பீரை மட்டும் அவர்களிடம் வாங்கினால் போதும்.

நான் உங்களை அழைத்துப் போக நினைத்திருப்பது ஹிர்ஷ்கார்டன் என்ற தோட்டத்துக்கு. எட்டாயிரம் பேர் உட்காரலாம். ஒரு பக்கம் வேலிக்குள் மான்கள் நிற்கும். அங்கே பீர் வாங்குவதற்கு முன்னால் ஒரு சிறு சடங்கு உண்டு. மர அலமாரியில் ஒரு லிட்டர் குவளைகள் வரிசையாக இருக்கும். நமக்கு வேண்டியதை நாமே எடுத்து, பக்கத்தில் ஓடும் குளிர்ந்த நீரில் அலசிக்கொண்டுதான் பீப்பாய் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கண்ணாடி குளிர்ந்திருந்தால் நுரை சட்டென்று அடங்காது. ஊற்றித் தருகிறவர் பேச மாட்டார், சிரிக்க மாட்டார். அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த ஊர்க்காரர்களின் சுபாவம் அப்படி. அங்கே கிடைப்பது ஆகுஸ்டினர் என்ற கம்பெனியின் ஹெல்லஸ், அதாவது வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும், கசப்பு குறைந்த பீர். 1328-ல் துறவிகள் மடத்தில் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கம்பெனி விளம்பரமே செய்வதில்லை. போன கோடையில் உங்கள் மருமகள் அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கித் தூக்குப் போசியில் எடுத்து வந்தாள். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் பொரியலும் அப்பளமும். அந்தச் சாதத்துக்கு மேலே உருகுகிற நெய்க்கும் ஹெல்லஸுக்கும் அமைகிற பொருத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் திறமை போதாது. பக்கத்து மேசைக் கிழவர் அப்பளத்தை உடைத்துத் தின்று பார்த்துவிட்டு, தம்முடைய முள்ளங்கிச் சீவலைத் தட்டோடு எங்கள் பக்கம் தள்ளினார். உப்புப் போட்டு நீர் விடவைத்த அந்த வெள்ளை முள்ளங்கிதான் இங்கே பீருக்கு முதல் தோழன். கோடையில் இருட்ட ஒன்பதரை மணி ஆகும் என்பதால், ஐந்து மணிக்குப் போனாலும் நிதானமாக உட்கார்ந்திருக்கலாம். எல்லாப் பீரிலும் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், அந்த நிழலில் அந்த வேளையில் குடிக்கிற ஹெல்லஸைத்தான் சொல்வேன். அதே பீரை டிசம்பரில் வீட்டுக்குள் குடித்தால் பாதிச் சுவைதான்.

அடுத்தது கோதுமைப் பீர். இதைக் காலையில் குடிப்பார்கள் என்றால் அத்தை முகம் சுளிப்பார்கள். வைஸ்வுர்ஸ்ட் என்ற வெள்ளைக் கன்றிறைச்சிக் குழலை வெந்நீரில் சூடாக்கி, இனிப்புக் கடுகு விழுதும் பிரெட்ஸல் என்ற முறுக்கிய ரொட்டியும் வைத்து, பகல் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் உண்டு முடிக்க வேண்டும் என்பது மரபு. அதற்குத் துணை இந்த வைஸ்பியர். கன்றிறைச்சி உங்களுக்கு ஆகாது என்று தெரியும், பிரெட்ஸலும் பீருமே போதும். ஊற்றுகிற முறையைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். உயரமான கண்ணாடிக் குவளையை நன்றாகச் சாய்த்துப் பிடித்து, அதன் பக்கவாட்டில் பீரை மெதுவாக இறக்குவார்கள். அடியில் இரண்டு விரற்கடை மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, பாட்டிலைச் சுழற்றி, தங்கியிருக்கும் ஈஸ்டைக் கலக்கி, அந்தக் கலங்கலை மேலே ஊற்றுவார்கள். வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், ஆனால் இரண்டில் எதையும் போட்டிருக்க மாட்டார்கள். எல்லாம் அந்த ஈஸ்ட் செய்கிற வேலை. பவேரியாவில் 1516-ல் பீருக்குப் பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டதை இவர்கள் இன்றைக்கும் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் சட்டம் வந்து சில பத்தாண்டுகளிலேயே ஒரு பிரபுக் குடும்பத்துக்குக் கோதுமைப் பீர் காய்ச்சத் தனி அனுமதி கொடுத்தார்கள். 1602-ல் அந்த வம்சம் வாரிசின்றி முடிந்ததும் உரிமையை அரச குடும்பமே எடுத்துக்கொண்டு, கஜானாவை நிரப்பிக்கொண்டது. சட்டமும் விதிவிலக்கும் ஒரே வாசலில் பிறப்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை.

காலையில் குடிப்பது என்றதும் எனக்கு அப்புச்சி நினைவுதான் வருகிறது. விடியற்காலையில் மரத்திலிருந்து இறக்கிய கள் இனிப்பாக இருக்கும், பொழுது ஏற ஏறப் புளிக்கும், சாயங்காலத்துக் கள்ளைத் தொடவே மாட்டேன் என்று அவர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவரிடம் வேளைக்கு ஒரு கணக்கு இருந்தது. 1987-ல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தபோது அந்தக் கணக்கும் போயிற்று. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரம் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் அதே தென்னையில் ஏறிக் கள் இறக்கினால் குற்றம். தடையை நீக்கச் சொல்லி நம் பக்கத்து விவசாயிகள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். இந்த ஊரில் ஒவ்வொரு கிராமமும் தன் பீரை எவ்வளவு உரிமையோடு கொண்டாடுகிறது என்பதைப் பார்க்கப் பார்க்க அந்த எண்ணம் வலுக்கிறது.

இப்போது, நான் இதை எழுதும் மாசியில், ஸ்டார்க்பியர் என்ற வீரியம் கூடிய பீரின் காலம் நடக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் துறவிகள் திட உணவைக் குறைத்து, ரொட்டிக்குப் பதிலாகக் கெட்டியான கறுத்த பீரைக் குடித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. பவுலானர் மடத்திலிருந்து வந்த சால்வேட்டர் அந்த வகையில் பெயர் பெற்றது. ஏழு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், வாயில் இனிப்பு, எழுந்து நிற்கும்போதுதான் கணக்குத் தெரியும். நமக்கு விரதம் என்றால் எதையெல்லாம் விடுவது என்பதுதான் முதல் பேச்சு. இவர்கள் விரதத்துக்கென்றே ஒரு பீர் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு குவளைக்கு மேல் இறங்காது.

பாம்பெர்க் என்ற ஊருக்கு ரயிலில் ஒரு நாள் போய் வரலாம். அங்கே முளைகட்டிய பார்லியைப் பீச் மர விறகுப் புகையில் உலர்த்திப் பீர் காய்ச்சுகிறார்கள். குவளையை முகத்தருகே கொண்டுபோனால் அமுச்சி அடுப்புக்கு மேலே கொடியில் கோத்துத் தொங்கவிட்ட உப்புக்கண்டத்தின் வாசனை அப்படியே வரும். முதல் மடக்கில் பலர் வைத்துவிடுவார்கள். நீங்கள் வைக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கொலோன் நகரத்துக் கோல்ஷ் பீரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: 200 மில்லி ஒல்லிக் குவளையில் தருவார்கள், காலியானதும் கேட்காமலே அடுத்தது வரும், போதும் என்றால் குவளைக்கு அடியில் வைத்த அட்டையை எடுத்துக் குவளையின் மேல் மூட வேண்டும். நம் வீட்டுப் பந்தியில் இலையை மடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை.

நீங்கள் டிவியில் பார்த்த அக்டோபர்ஃபெஸ்டுக்கு வரவேண்டாம் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். 1810-ல் இளவரசர் லுட்விக்கின் திருமணத்துக்காக நடந்த குதிரைப் பந்தயத்தில் தொடங்கி, மறு வருடமே விவசாயக் கண்காட்சியும் சேர்ந்துகொண்ட விழா அது. அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்குக் குதிரையும் மாடும் வருவதை ஒவ்வொரு ஆடியிலும் பார்த்து வந்த உங்களுக்கு அந்தத் தொடக்கம் நிச்சயம் பிடிக்கும். ஆனால் குதிரைப் பந்தயம் இப்போது இல்லை. மியூனிக்கின் ஆறு கம்பெனிகள் மட்டுமே பீர் விற்கலாம்; 2025-ல் ஒரு லிட்டர் 15 யூரோவை ஒட்டி விற்றது. அறுபது லட்சத்துக்கு மேல் ஜனம் வருகிற இடத்தில், மேசை முன்பதிவு இல்லாமல் உட்காருவதே பெரும்பாடு. மாலையானால் பெஞ்சு மேல் ஏறி நின்று பாடுவார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது பெயருக்குத்தான் அக்டோபர். செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்துவிடும். புரட்டாசியில் கவிச்சியும் பீரும் தொடாத மனிதரை அங்கே கூட்டிப்போய் என்ன செய்வது?

ஆகவே வைகாசியில் வாருங்கள். மே மாதத்துக்கென்று காய்ச்சும் மாய்பாக் பீர் கொஞ்சம் மிச்சம் இருக்கும், செஸ்ட்நட் மரங்கள் பூத்து முடிந்து நிழல் கட்டியிருக்கும், அங்கே வெயில் கொளுத்துகிற நேரத்தில் இங்கே ஒரு ஸ்வெட்டரோடு சமாளித்துக்கொள்ளலாம்.

சர்க்கரை மாத்திரையை நினைத்து அத்தை கவலைப்படுவார்கள். வருவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இங்கே ஆல்கஹால் நீக்கிய வைஸ்பியர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, ஓட்டப்பந்தயம் முடித்தவர்களுக்குக்கூட அதைக் கொடுப்பார்கள். ருசியில் பெரிய குறை இல்லை, ஆனால் மாவுச்சத்து உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள். எலுமிச்சைச் சோடாவும் பீரும் சரிபாதி கலந்த ராட்லரும் இருக்கிறது, அத்தையே அதை ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம். குடித்துவிட்டு நான் கார் எடுக்க மாட்டேன், டிராமில்தான் திரும்புவோம். காலிப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 8 சென்ட் தருகிறார்கள்; நீலகிரியில் 2022-ல் கொண்டு வந்த பத்து ரூபாய்த் திட்டத்தைப் போன்றதுதான். அந்தப் பாட்டில்களை மெஷினில் போடுகிற வேலையை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன்; பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போடுவார்கள்.

விசா விண்ணப்பத்தை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், அதை நான் இங்கிருந்தே எடுத்து அனுப்புகிறேன். பால் பொருள், இறைச்சி எதையும் கொண்டுவரக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம்; எனவே நெய்யும் உப்புக்கண்டமும் வேண்டாம் என்று அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் பெட்டியில் வைத்துவிடப் போகிறார்கள். சந்தகை அச்சு ஒன்று வேண்டும். தோலோடு வறுத்த கடலைக்காய் இரண்டு கிலோ போதும்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை